காப்புக் கட்டும் முன் காலைக் காட்டுங்கள்

மூன்று வருஷத்துக்கு முன்னால், தைப்பூசக் காவடி முடிந்த நாலாம் நாள் காலையில், மாமாவின், அதாவது என் மாமனாரின், படுக்கை விரிப்பைத் துவைக்க எடுத்தேன். கால்மாட்டில் ஒரு கறை. உள்ளங்கை அகலம் இருக்கும். நடுவில் பழுப்பு, ஓரத்தில் மஞ்சள். குழம்பு சிந்தியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். படுக்கையில் யார் குழம்பு சாப்பிடுவார்கள்? முகர்ந்து பார்த்தேன். அப்புறம், முன்வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம் போய், "மாமா, காலைக் கொஞ்சம் காட்டுங்க" என்றேன்.

வலது கால். பெருவிரலுக்குக் கீழே, நடக்கும்போது உடம்பின் பாரம் விழுகிற மேட்டில், தோல் வெள்ளை வெளேரென்று ஊறிக் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு கருங்கல் துணுக்கு, எள்ளைவிடக் கொஞ்சம் பெரியது, சதையில் பதிந்து கிடந்தது. நாலு நாளாக அந்தக் கல்லோடு நடந்திருக்கிறார். கடைக்குப் போயிருக்கிறார், தோட்டத்தில் முருங்கைக் கிளை கழித்திருக்கிறார், காவடிக்கு மறுநாள் கோயிலில் அண்டா கழுவவும் போயிருக்கிறார்.

"வலிக்கவே இல்லையே, மா. வலிச்சா சொல்ல மாட்டேனா?"

அவர் சொன்ன அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி மொரீஷியஸ் வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது; பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். மாமா கரும்புத் தோட்டத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கோயிலில் நடந்த சாயங்காலப் பள்ளியில் தமிழ் படித்தவர். என்னோடு தமிழில் பேசுவார், பேரப்பிள்ளைகளோடு இந்த ஊர் மொழியான கிரியோலில் பேசுவார், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். பதினாறு வயதிலிருந்து காவடி எடுக்கிறார். சர்க்கரை வந்து இருபத்திரண்டு வருஷம்.

இங்கே தைப்பூசம் நாடு முழுவதுக்கும் அரசு விடுமுறை. பத்து நாள் விரதம். கடைசி நாள் ஆற்றங்கரையிலிருந்து கோயில் வரைக்கும் காவடியும் பால்குடமும் சுமந்து வெறுங்காலில் நடை. ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரி, அதாவது இந்தத் தீவுக்கு நடுக்கோடை. காலை பத்து மணிக்கெல்லாம் தார் ரோட்டில் கால் வைக்க முடியாது. ஜனங்கள் வீட்டு வாசலில் நின்று குழாயால் ரோட்டில் தண்ணீர் அடிப்பார்கள். அதற்குள் மேளம், "அரோகரா", ஆரஞ்சும் இளஞ்சிவப்புமாக வேட்டிகள். முடிந்ததும் கோயிலில் வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு. அந்த ஒரு நாளுக்காகத்தான் மாமா வருஷம் முழுக்க இருக்கிறார் என்று சொன்னால் மிகையில்லை.

சரி, அந்தக் காலுக்கு வருகிறேன்.

கொழுந்தன் அன்றைக்கே டவுனில் ஒரு தனியார் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனார். கவுரவமான இடம், ஏசி, காத்திருக்கவே வேண்டாம். அவர் காயத்தைப் பார்த்தார், ஆன்டிபயாடிக் எழுதினார், ஒரு களிம்பு கொடுத்தார், ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். இடது காலின் சாக்ஸைக் கழற்றச் சொல்லவில்லை. காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கவில்லை. நடக்காதீர்கள் என்று சொல்லவில்லை. சர்க்கரை இருக்கிறது என்று கொழுந்தன் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். அந்த மருத்துவரைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. சர்க்கரைக்காரரின் காலை எப்படிப் பார்ப்பது என்பது தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டிய வேலை என்பதே எனக்கும் அன்றைக்குத் தெரியாது. அந்த ஐந்து நாளில் காயம் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

ஆறாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "டிஸ்பான்ஸேருக்கு ஏன் போகல?" என்று கேட்டார்.

டிஸ்பான்ஸேர் என்று இங்கே எல்லாரும் சொல்வது அரசாங்கத்தின் சமூக சுகாதார மையத்தை. எங்கள் வீட்டிலிருந்து எட்டு நிமிஷ நடை. வெளிர் மஞ்சள் சுவர், வாசலில் ஒரு மாமரம், உள்ளே நீளமான பெஞ்சு. பத்தொன்பது வருஷத்தில் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடவும், காய்ச்சலுக்குப் பனடோல் வாங்கவும் போயிருக்கிறேன். அதைத் தாண்டி அங்கே என்ன இருக்கிறது என்று நான் கேட்டதே இல்லை. இலவசமாகக் கிடைப்பது இரண்டாந்தரமாகத்தான் இருக்கும் என்று மனசுக்குள் ஒரு எண்ணம். இன்றைக்கு நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

அங்கே இருந்த நர்ஸ் மாமாவை உட்காரவைத்து, இரண்டு கால் செருப்பையும் கழற்றச் சொன்னார். மேலிருந்து பார்த்தார், கீழே குனிந்து பார்த்தார், ஒவ்வொரு விரலிடுக்கையும் பிரித்துப் பார்த்தார். குதிகாலில் கை வைத்துச் சூடு பார்த்தார். பெருவிரலுக்கு அடுத்த விரலில் இலேசாக ஒரு கருமை ஓடியிருந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் மருத்துவரைக் கூட்டிவந்தார். அரை மணி நேரத்தில் வட்டார மருத்துவமனைக்குக் கடிதம் எழுதி, ஆம்புலன்ஸும் சொல்லியாகிவிட்டது.

பத்தொன்பது நாள் மருத்துவமனையில் இருந்தார். அந்த விரல் போய்விட்டது. கால் தப்பியது. அறுவை, தினசரி கட்டு, ஊசி, மருந்து, சாப்பாடு எதற்கும் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. முதல் நாள் சேர்க்கையின்போது ஐந்து மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம் என்பதையும் எழுதத்தான் வேண்டும். யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. கவுன்டரில் ஒருவர் எங்கள் தாளை எங்கேயோ வைத்துவிட்டு மறந்துவிட்டார். எந்த மருத்துவமனை என்று இங்கே எழுதவில்லை. ஆனால் காலில் கருமை ஏறிய மனிதரோடு அந்த ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்ததை நான் மறக்க மாட்டேன்.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்களுக்காக இந்த ஊர் முறையைக் கொஞ்சம் சொல்கிறேன். தீவு முழுவதும் ஐந்து சுகாதார வட்டாரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய மருத்துவமனை. போர்ட் லூயிஸில் டாக்டர் ஏ.ஜி. ஜீட்டூ, பாம்பிள்முஸில் சர் சிவசாகர் ராம்கூலாம், ஃபிளாக்கில் டாக்டர் புருனோ சியோங், ரோஸ் பெல்லில் ஜவஹர்லால் நேரு, கேண்டோஸில் விக்டோரியா. இவற்றுக்குக் கீழே மெடிகிளினிக், பகுதி சுகாதார மையம், அதற்கும் கீழே ஊருக்கு ஊர் டிஸ்பான்ஸேர். மேலே மனநலத்துக்கு, நெஞ்சு நோய்க்கு, காது மூக்கு தொண்டைக்கு, இதயத்துக்கு என்று தனித்தனி இடங்கள். அவசரத்துக்கு 114 அடித்தால் மருத்துவரோடு ஆம்புலன்ஸ் வரும். டயாலிசிஸ், இன்சுலின், பிரசவம் எல்லாமே அரசு செலவு. இங்கே செய்ய முடியாத சில சிகிச்சைகளுக்குத் தகுதி பார்த்து வெளிநாட்டுக்கு அனுப்ப உதவித்தொகையும் தருகிறார்கள். சென்னைக்குப் போய்வந்தவர்களை எனக்கே தெரியும்.

கண்ணுக்கு மோக்காவில் ஒரு மருத்துவமனை, அதன் பெயர் சுப்பிரமணிய பாரதி கண் மருத்துவமனை. முதல் தடவை அந்தப் பெயரைப் பலகையில் பார்த்தபோது பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். எட்டயபுரத்துக்காரரின் பெயரில் இந்துமாக்கடல் நடுவில் ஒரு கண் மருத்துவமனை. மாமாவின் கண்ணுக்கு லேசர் வைத்தது அரசு மருத்துவமனையில்தான். அதுவும் வட்டாரத்தில் விழித்திரையைப் படம் எடுத்துப் பார்த்தபோது கண்டுபிடித்தது. கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்ணின் பாப்பா விரிந்ததும் ஒரு இயந்திரத்தில் தாடையை வைக்கச் சொல்லிப் படம் எடுக்கிறார்கள், அவ்வளவுதான். சர்க்கரை இருக்கிறவர்கள் பார்வை நன்றாக இருக்கும்போதே வருஷம் ஒரு தடவை இதைச் செய்துகொள்ள வேண்டும். பார்வை மங்கிய பிறகு போனால் பாதி வேலை தாமதமாகிவிட்டது என்று அர்த்தம்.

இந்தத் தீவில் சர்க்கரை எவ்வளவு பரவலானது என்பதை ஒரு குடும்பத்துக்குள்ளேயே எண்ணிவிடலாம். 1987இல் நாடு தழுவிய முதல் தொற்றா நோய் ஆய்வு நடந்தது. இந்திய வம்சாவளி இந்துக்கள், முஸ்லிம்கள், ஆப்பிரிக்க வம்சாவளிக் கிரியோல்கள், சீனர் என்று எல்லாரிடமும் சர்க்கரை அதிகம் என்று அப்போதே தெரிந்துவிட்டது. அதற்கப்புறமும் சில வருஷத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். 2021 ஆய்வின்படி பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை. அரசு சும்மா இருந்தது என்று சொல்ல மாட்டேன். அதே 1987இல் சாதாரண ஜனங்கள் வாங்கும் சமையல் எண்ணெயை, பெரும்பாலும் பாமாயிலாக இருந்ததை, சோயா எண்ணெயாக மாற்றச் சட்டம் போட்டார்கள். ஐந்து வருஷத்தில் மக்களின் சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7க்கு இறங்கியது. ஒரு மாத்திரையும் இல்லாமல். கிராமத்துக்கும் ஆலைக்கும் வேன் கொண்டுவந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் சுகாதாரக் காரவானும் இங்கே உண்டு. படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர்களைப் பார்க்க வீட்டுக்கே அரசு மருத்துவர் வருவதும் உண்டு.

இவ்வளவு இருந்தும் மாமாவின் விரல் போனது. ஏனென்றால் அவர் காலைக் காட்டவில்லை.

இதை ரொம்ப நாள் யோசித்தேன். அவர் மட்டுமா? என் பக்கத்து வீடுகளில் வயதானவர்கள் யாருமே காலைக் காட்டுவதில்லை. நெஞ்சு வலி என்றால் போவார்கள். கால்தானே, எண்ணெய் தடவினால் சரியாகும். ஒரு நாள் மாமாவே தன் பாட்டி சொன்ன கதை ஒன்றைச் சொன்னார். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு வரவில்லை என்றால் இரண்டு நாள் கூலியைப் பிடிப்பார்களாம். இது வெறும் பாட்டி கதை இல்லை. ஒப்பந்தக் கூலிகள் காலத்தில் இரட்டை வெட்டு என்ற இந்த முறை உண்மையாகவே இருந்தது. போர்ட் லூயிஸில் அப்பிரவாசி காட் என்ற துறையில், அந்தக் கூலிகளை இறக்க 1849இல் கட்டிய குடியேற்றக் கிடங்கின் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது, 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதன் இடிபாடுகளில் ஒரு பகுதி ஆஸ்பத்திரி. பள்ளிப் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் அந்தக் கற்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்பேன். கப்பலிலிருந்து இறங்கியவர்களின் உடம்பைப் பார்த்தது, வேலைக்கு ஆகுமா என்று தெரிந்துகொள்ளத்தான். அப்படி ஒரு இடத்திலிருந்து வந்தவர்கள் புண்ணை மறைக்கத்தானே பழகுவார்கள்? காட்டினால் கூலி போகும். அந்தப் பழக்கம் நாலு தலைமுறை தாண்டி இன்னும் காலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஆனால் மாமாவின் விஷயத்தில் மறைப்பதற்குக்கூட அவரிடம் ஒன்றும் இல்லை. அவருக்குத் தெரியவே தெரியாது.

மருத்துவமனையிலிருந்து வந்த மூன்றாம் மாதம் அவரைப் பாத கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். வட்டார மருத்துவமனையில் சர்க்கரைக்காரர்களின் காலுக்கென்றே நடக்கிறது. அங்கேதான் அந்த நூல் சோதனையை முதல் தடவை பார்த்தேன்.

பிளாஸ்டிக் பிடியில் ஒரு நைலான் நரம்பு. தூண்டில் நரம்பைத் துண்டாக வெட்டி வைத்தது போல, கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. தோலில் நேராக வைத்து அழுத்தினால் ஒரு கட்டத்தில் வில்லாக வளையும். அப்படி வளைகிற நேரத்தில் தோலில் விழுகிற அழுத்தம் சரியாக 10 கிராம். அதைவிட அழுத்தவும் முடியாது, குறையவும் குறையாது. நர்ஸ் முதலில் மாமாவின் முன்கையில் வைத்து, "இப்படித்தான் இருக்கும்" என்று காட்டினார். பிறகு கண்ணை மூடச் சொன்னார். தொடும்போது தெரிந்தால் "வீ" என்று சொல்ல வேண்டும். கிரியோலில் ஆமாம்.

பெருவிரல் நுனி. நரம்பு வளைந்தது. மாமா பேசவில்லை.

விரல்களுக்குக் கீழே மேட்டில் ஒரு இடம். நரம்பு வளைந்தது. பேசவில்லை.

நர்ஸ் கையை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தார். அப்போது மாமா, "வீ" என்றார்.

சரியாகச் சொல்ல வேண்டும் என்று பரீட்சை எழுதும் பையன் மாதிரி அவர் முகம் இறுகியிருந்தது. நெற்றியில் வேர்வை. இரண்டு காலிலும் ஒவ்வொரு இடமாகத் தொட்டார்கள். பாதத்தின் முன்பாதியில் எங்கேயும் அவருக்குத் தெரியவில்லை. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். லாரியின் கிளட்சை முப்பது வருஷம் மிதித்த கால் அது.

அப்புறம் ஒரு இசைக்கவையைத் தட்டி, அதிர்கிறபோதே பெருவிரல் எலும்பில் வைத்தார். பாதத்தின் மேல்பக்கம் ஒரு நாடி, கணுக்காலுக்கு உள்பக்கம் பின்னால் ஒரு நாடி, இரண்டையும் விரலால் தேடிப் பார்த்தார். இரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, போனது உணர்ச்சிதான் என்றார். மொத்தம் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். கரண்ட் வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம்.

இத்தனை வருஷமாகச் சர்க்கரை இருந்தவருக்கு இந்தப் பத்து நிமிஷம் விரல் போன பிறகுதான் கிடைத்தது. டிஸ்பான்ஸேரிலேயே கேட்டிருந்தால் ஏற்பாடு செய்திருப்பார்கள். நாங்கள் கேட்கவில்லை, மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தோம். அவர்களும் கூட்டத்துக்கு நடுவில் நினைவுபடுத்தவில்லை. இரண்டு பக்கமும் தவறுதான். ஆனால் கேட்க வேண்டியது நம் கையில் இருக்கிறது. அதனால் நம் பக்கத்தைத்தான் அழுத்திச் சொல்வேன்.

வலி போனால் கால் எப்படி அழியும் என்பதை உலகத்துக்குத் தெளிவாகச் சொன்னவர்களில் ஒருவர் நம்ம ஊர்க்காரர் என்றே நான் சொல்லுவேன். பால் பிராண்ட், 1914இல் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர். வேலூர் சி.எம்.சி.யில் 1946 முதல் வேலை பார்த்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாக அழுகி விழுவதாகத்தான் அதுவரை எல்லாரும் நினைத்திருந்தார்கள். அப்படி இல்லை, வலி தெரியாததால் சுட்டுக்கொள்கிறார்கள், குத்திக்கொள்கிறார்கள், புண்ணின் மேலேயே நடக்கிறார்கள், அதனால்தான் போகிறது என்று அவர் கண்டுகொண்டார். பின்னாளில் அதே பாடம் சர்க்கரைக்காரர்களின் காலுக்கும் பொருந்தியது. தமிழ்நாட்டில் தொழுநோயாளிகளுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் எம்.சி.ஆர். செருப்பு என்று மெத்தென்ற கருப்பு ரப்பர் வைத்துக் கொடுப்பார்களே, அதற்குப் பின்னால் இருப்பது இந்தப் புரிதல்தான். என் அப்பாவும் அதைப் போட்டிருந்தார். வீட்டு வாசலில் அது கிடந்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும், தோழிகள் வந்தால் ஓரமாகத் தள்ளிவைப்பேன். அப்பா எண்பத்தொரு வயது வரைக்கும் இரண்டு காலோடும் நடந்தார்.

கிளினிக்கில் ஒரு கணக்குச் சொன்னார்கள், எழுதி வைத்துக்கொண்டேன். சர்க்கரை இருக்கிறது, நூல் தெரிகிறது, நாடி நன்றாக இருக்கிறது என்றால் வருஷம் ஒரு தடவை காலைக் காட்டினால் போதும். நூல் தெரியவில்லை என்றால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள். அதோடு நாடி குறைந்திருந்தாலோ, கால் விரல் கோணியிருந்தாலோ மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள். முன்னமே புண் வந்திருந்தால், மாமா மாதிரி, ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை. வீட்டில் தினமும் ராத்திரி பார்க்க வேண்டும். அடிப்பாதம் தெரியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். ஷூவைப் போடுமுன் கவிழ்த்துத் தட்டிவிட்டு, உள்ளே கைவிட்டுப் பார்க்க வேண்டும். வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்கக் கூடாது, முழங்கையால் பார்க்க வேண்டும். கிரீம் தடவலாம், விரலிடுக்கில் மட்டும் கூடாது. கால் ஆணியைப் பிளேடால் செதுக்கக் கூடாது. இது எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வழக்கமாகவே இருந்தது. வீட்டுக்குள்ளேயும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது.

கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம். வெறுங்கால் கூடாது என்றதும் மாமா நர்ஸிடம் ஒரே கேள்வி கேட்டார்: "காவடிக்கு?"

நர்ஸ் தமிழர் இல்லை. ஆனால் இந்தத் தீவில் பிறந்தவர், காவடி என்றால் என்ன என்று தெரியும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கூடாது, தாத்தா" என்று கிரியோலில் மெதுவாகச் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமா என்னோடு பேசவில்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பிடவும் இல்லை.

அடுத்த தைப்பூசத்துக்கு ஆறு வாரம் முன்னால் நானே கோயிலுக்குப் போய் குருக்களைப் பார்த்தேன். தமிழ்நாட்டிலிருந்து வந்து பல வருஷமாக இங்கே இருப்பவர். திட்டுவாரோ என்று பயந்துகொண்டேதான் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "பால்குடத்தை உள் பிராகாரத்தில் எடுத்துக்கட்டும். சுத்தமான தடித்த சாக்ஸ் போட்டுக்கட்டும், ரோட்டு நடை வேண்டாம். சங்கல்பம் நான் பண்ணி வைக்கிறேன்" என்றார். அப்புறம் ஒன்று சொன்னார், அதுதான் என்னை உலுக்கியது: "இங்கே வருஷா வருஷம் பத்துப் பேர் காலில் கொப்புளத்தோட வர்றாங்கம்மா. நான் மஞ்சள்தான் வெச்சு விடறேன்."

மாமா ஒப்புக்கொள்ள மூன்று வாரம் ஆனது. விரதத்தைப் பற்றியும் டிஸ்பான்ஸேரில் முன்கூட்டியே சொன்னோம். முந்தைய வருஷங்களில் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டுவிட்டு இன்சுலினை வழக்கம்போலவே போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு தடவை கோயிலிலேயே கை நடுங்கி வேர்த்துக் கொட்டியிருக்கிறது, பக்தி வந்துவிட்டது என்று சுற்றி நின்றவர்கள் கும்பிட்டிருக்கிறார்கள். அது சர்க்கரை இறங்கியது. இப்போது அந்தப் பத்து நாளுக்கு மட்டும் அளவை மாற்றித் தருகிறார்கள், பையில் சர்க்கரைக் கட்டியும் இருக்கும்.

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. கோயில்களில் கொடியேற்றத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால், காவடி எடுக்கப் பெயர் கொடுக்கிற அன்றைக்கே, சர்க்கரை இருக்கிறவர்கள் காலைக் காட்டிவிட்டு வர வேண்டும் என்று சொல்லலாம். சுகாதாரக் காரவானைக் கோயில் வாசலுக்கு அழைக்கலாம். நூல் சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம், ஒரு நாற்காலியும் ஒரு நர்ஸும் போதும். எங்கள் கோயில் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் இல்லை, மறுபடியும் எழுதுவேன். கோயில் செய்யட்டும், செய்யாமல் போகட்டும், இதைப் படிக்கிற மொரீஷியஸ் தமிழர்கள் வீட்டில் அம்மாவோ அப்பாவோ சர்க்கரையோடு இருந்தால், காப்புக் கட்டும் முன்னால் டிஸ்பான்ஸேருக்குக் கூட்டிப்போய் "காலைப் பாருங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் ரீயூனியன் தீவிலும் இருக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அங்கேயும் வெறுங்காலில்தான் நடக்கிறோம், தீ மிதிக்கிறோம்.

இந்த வருஷம் காவடிக்கு மூன்று வாரம் முன்னால், காலை ஆறரை மணிக்கு மாமா குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். அவருக்கு அன்றைக்கு ராந்தேவூ, அதாவது மருத்துவரைப் பார்க்கக் குறித்த நாள், இல்லையே என்று கேட்டேன். "எனக்கு இல்லை மா" என்று சொல்லிவிட்டுத் தன் சிநேகிதரை வரச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். ஐம்பது வருஷமாக இரண்டு பேரும் ஒன்றாகக் காவடி எடுத்தவர்கள். அவருக்கும் சர்க்கரை, பதினைந்து வருஷமாக. இருவரையும் நான்தான் டிஸ்பான்ஸேருக்குக் கூட்டிப்போனேன்.

ஏழேகாலுக்கே பெஞ்சு நிறைந்துவிட்டது. ஒன்பதரைக்குக் கூப்பிட்டார்கள். முதலில் மாமாவின் காலைப் பார்த்த அதே நர்ஸ். சிநேகிதர் சவாத்தை (செருப்பை)க் கழற்றிவிட்டு, "எனக்கு ஒண்ணும் இல்லை, இவன்தான் இழுத்துட்டு வந்தான்" என்று சிரித்தார். முன்கையில் நூலை வைத்துக் காட்டினார்கள். கண்ணை மூடினார். பெருவிரல் நுனியில் நரம்பு வளைந்தது.

"வீ."

நடு விரலுக்குக் கீழே.

"வீ."

சுண்டு விரலுக்குக் கீழே உள்ள மேட்டில் வைத்தார். நரம்பு வளைந்தது. நர்ஸ் எடுத்துவிட்டு, மறுபடியும் அதே இடத்தில் வைத்தார். மறுபடியும் வளைந்தது. சிநேகிதர் கண்ணை மூடியபடியே, அடுத்தது எப்போது வரும் என்று காத்துக்கொண்டு இலேசாகச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். மாமா அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து, தன் ஷூ லேஸை அவிழ்க்க ஆரம்பித்தார்.